டெல்லியைக் காணோம்

குளுவாங்கில் மத்தியான ரயில் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்கள் இருவர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“நேத்து சாயங்காலம் வாத்தியாரு எங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து நின்னு, ‘டெல்லியக் காணோம்’னாரு அக்கா.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “டெல்லி எப்படிடி காணாமப் போவும்?”

“பள்ளிக்கூடத்துக்கு முன்னால சுண்ணாம்பால உலகத்தையே வரைஞ்சிருக்காரு. ஒவ்வொரு தலைநகரத்துலயும் ஒரு பிள்ளை நிக்கணும். எம் மக செல்லம்மாதான் டெல்லி. கைப்பிள்ளையப் பாத்துக்கன்னு நாலு நாளா அவள வீட்டுல நிறுத்திட்டேன்.”

“திட்டினாரா?”

“இல்லக்கா. ‘உங்க மக வராம இந்தியாவுக்குத் தலைநகரமே இல்லம்மா’ன்னாரு. சின்னவன யாரு பாக்கறதுன்னு கேட்டேன். ‘தூக்கிட்டு வரட்டும், அவனும் டெல்லி இடுப்புல இருக்கட்டும்’னுட்டாரு. இன்னிக்கு ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

“நல்ல மனுசன்” என்ற மூத்தவள், இளையவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“எம் மகளும் வீட்டுலதான் கெடக்கா. நாளைக்கு அனுப்பறேன். எந்த ஊரு காலியா இருக்குன்னு வாத்தியாருகிட்ட கேட்டுச் சொல்லு.”