படத்துல வர்ற ரூம்

இல்ல மேடம், ஜன்னல் எப்பவும் இப்படித்தான் திறந்து கெடக்கும். நீங்க வர்றீங்கன்னு திறந்து வெக்கல. திரைச்சீலையைப் பாருங்களேன், வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கு. ஒரே நாள்லயா அப்படி வெளுக்கும்?

உக்காருங்க. அண்ணன் வர அரை மணி நேரம் ஆகும். லிஃப்ட் ரிப்பேர் வேலை, மேல ஏறிட்டா போனைத் தொட மாட்டாரு. நான் அவரு தங்கச்சி. அண்ணி பிரிஞ்சு போனதுலேருந்து இங்கதான் இருக்கேன், அவரு பொண்ணு வாண்டைப் பாத்துக்கணுமே. பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் கோர்ட்டுல முடிவு பண்ணுவாங்களாம். அதான் வாய் கொஞ்சம் அதிகமா ஓடுது. தப்பா எடுத்துக்காதீங்க.

ஆமா, அதான் கேம் ஆடுற மெஷின். துண்டை எடுத்துட்டே பாருங்க. வேலை முடிஞ்சு வந்து, குளிச்சிட்டு, ஒரு மணி நேரம் விளையாடுவாரு. வாண்டு பக்கத்துல உக்காந்து சமையக்கட்டு டைமரை முறுக்கி வெப்பா. மணி அடிச்சா ஆட்டம் குளோஸ். ஜெயிக்கப் போற நேரமா இருந்தாலும் சரி. என்ன ஆட்டமா? லாரி ஓட்டுவாரு. சும்மா லாரி மேடம். சிக்னல்ல நிப்பாரு, டீசல் போடுவாரு, ரிவர்ஸ் எடுக்க பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவாரு. நீங்க சிரிக்கிறீங்க. சுடுற ஆட்டமும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளை இல்லாதப்ப.

ஒரு நாள் ஸ்கூல்ல அவளைக் கூப்பிட அண்ணன் நேரத்துக்குப் போகாதது நெசம்தான். அன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டுல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. இவரு வெளிய எடுக்கறதுக்குள்ள முக்கால் மணி நேரம். கையெல்லாம் கிரீஸோட ஓடினாரு. அண்ணி மனுவுல, கேம் வெறியில பெத்த பிள்ளையை மறந்தவர்னு எழுதியிருக்கு. கூடவே, கேம் ஆடி ஆடியே ஒருத்தன் கொலைகாரனாவானே, அந்தப் படத்தோட பேரு, அதுல வர்றவன் மாதிரியேன்னு. அண்ணி கெட்டவங்க இல்ல. பயந்துட்டாங்க.

நீங்களும் அந்தப் படத்தைப் பாத்தாச்சா? உள்ள நுழைஞ்சு நீங்க சுத்திச் சுத்திப் பாத்தப்பவே நெனச்சேன். படத்துல கேம் ஆடுறவங்களை எப்பவும் அப்படித்தானே காட்டுறாங்க. ஒண்ணு உருப்படாதவன், இல்லன்னா கொலைகாரன். வேலைக்குப் போயிட்டு வந்து விளையாடுற ஆளு ஒருத்தனாவது வந்திருக்கானா?

அந்தப் படத்தை டிவில போட்டாங்க. நாங்க கவனிக்கறதுக்குள்ள வாண்டு பாதி பாத்துட்டா. அப்பா, நீயும் அப்படி ஆயிடுவியான்னு கேட்டா. மறுநாள் காலைல அண்ணன் மெஷின் மேல அந்தத் துண்டைப் போட்டாரு. ரெண்டு மாசம் ஆச்சு, தொடல. இப்ப வேலை முடிஞ்சு வந்தா, சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்குறாரு. அவளும் பக்கத்துல போறதில்ல.

நானா? எனக்கும் வேலை இருக்கு மேடம். சினிமாவுல. ஷூட்டிங்குக்கு வீடு, ரூம் எல்லாம் ஜோடிக்கிறது. அந்தப் படத்துல வர்ற ரூம் நான் பண்ணதுதான். மொதல்ல இந்த ரூமைத்தான் அப்படியே அங்க கொண்டு வந்தேன், வாண்டு வரைஞ்ச படங்கூட ஒண்ணு மாட்டி. டைரக்டர் பாத்துட்டு, இதைப் பாத்தா யாருக்கும்மா பயம் வரும்னாரு. சரின்னு சுவத்துக்குக் கறுப்பு அடிச்சேன். சிவப்பு பல்பு போட்டேன். நூடுல்ஸை ரெண்டு நாள் கிண்ணத்துலயே காயவிட்டேன், ஈ மொய்க்கணும்னு. கீபோர்டு பக்கத்துல ஒரு கத்தி இருக்குமே, அதை அவங்க கேக்கவே இல்ல. நானா வெச்சேன். பிரமாதம்னு தட்டிக்கொடுத்தாங்க. அதைப் பாத்துட்டுத்தான் கதையோட முடிவையே கொலைன்னு மாத்தினாங்க.

அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல. என் பேரு படத்தோட கடைசில ஓடும், அதை யாரு படிக்கிறா. இதையும் ரிப்போர்ட்டுல எழுதிக்கோங்க மேடம், பரவால்ல. நான் சொன்னதாவே எழுதிக்கோங்க.