பூண் போட்ட வளையல்

மீன் உருண்டை சூப்பை ஆறவிட்டுக் குடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, ஐயா. நம் கல்கத்தாவின் டிரெட்டி பஜாரில் காலை ஆறு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கியதும் வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்துவிட வேண்டும். எட்டரைக்கெல்லாம் சீனர்கள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். நான், தெருவே தீதி, அக்கா என்று கூப்பிடும் சுன்-யின் தீதியின் கடையில்தான் குடிப்பேன். கடை என்றால், அவர் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு மேசை, ஒரு பானை.

என் பெயர் நிதாய் கர்மகார். வயது ஐம்பத்திரண்டு. பவுபஜாரில் ஒரு நகைக்கடையின் மாடியில், ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்து மூன்று வருடமாக மாதிரி வரைகிறேன். வரைந்ததை நானே செய்தும் காட்டுவேன். இந்த ஆண்டு மழை தொடங்கியபோது எனக்குப் புது மாதிரி வருவது நின்றுபோனது. காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பேன். பழைய மயில், பழைய மாங்காய், பழைய சங்கு. புதிதாக எதுவும் வராததை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பேன்.

“நிதாய், உன் மயிலுக்கு மூட்டு வலி வந்துடுச்சு. தோகைய விரிக்க முடியல பாரு,” என்றார் முதலாளி பொத்தார் பாபு, மாடி முழுக்கக் கேட்கும்படி. “துர்கா பூஜைக்குள்ள புதுசா ஒண்ணு காட்டு. இல்லன்னா கீழ போயி மெருகு போடுறவங்களோட உக்காரு. ஜன்னல்கிட்ட கம்ப்யூட்டர் வைக்கணும்.”

கீழே இருப்பது ஜன்னல் இல்லாத அறை. நான் அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். அமிலப் புகையில் ஏழு வருடம் இருமிவிட்டு மேலே ஏறியவன். மறுபடி அந்தப் படிகளில் இறங்குவதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். உங்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதனால் காலை வேளைகளில் சீனத் தெருக்களைச் சுற்றினேன். வாசலில் ஒட்டிய சிவப்புத் தாள், கோயில் கதவின் பித்தளை வளையம், கொடியில் காயும் பன்றிக் குடல் தொத்திறைச்சி, எல்லாவற்றையும் வரைந்து பார்த்தேன். எதுவும் நகையாகவில்லை.

ஒரு மழை நாளில் தீதி பானையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். கடைசி இரண்டு படியில் வழுக்கிவிட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அது தானாக நடந்தது. கை படியின் விளிம்பில் மோதியது. நாற்பது வருடமாகக் கையை விட்டு இறங்காத ஜேட் வளையல், பச்சைக் கல்லில் குடைந்தது, மூன்று துண்டாகத் தெறித்தது.

எங்கள் வீடுகளில் கல்யாணமான பெண்ணின் சங்கு வளையல் உடைந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். என் மனைவி கனகலதாவின் வளையல் ஒருமுறை குழாயடியில் உடைந்தபோது, நான் செத்துவிடுவேன் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். அதனால் துண்டுகளைப் பொறுக்கும்போது என் முகம் செத்துத்தான் போயிருக்கும். தீதியோ சிந்திய சூப்பில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

“எதுக்குடா மூஞ்சிய இப்படி வச்சிருக்க, நகைக்காரா? நல்லதுதான் நடந்திருக்கு. உடைய வேண்டியது என் இடுப்பு. இது குறுக்க வந்து வாங்கிக்கிச்சு.”

“அப்ப சூப்ப யாரு வாங்கிக்கிட்டாங்க?” என்று மாடி ஜன்னலிலிருந்து லியாங் கேட்டாள். அவள் அதே மாடியில் தீதியின் அடுத்த வீட்டுக்காரி; இருவருக்கும் ஒரே படிதான்.

“நாய் வாங்கிக்கிச்சு. நீ வாய மூடிட்டு வந்து என்னத் தூக்கு.”

உடைந்தது எங்களுக்குக் கேடு. பத்து நிமிடம் நடந்து இந்தத் தெருவுக்கு வந்தால், அவர்களுக்கு அதுவே காவல். ஐம்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஐயா. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

துண்டுகளை நான் வாங்கிப்போய், உடைந்த முனைகளைச் சேர்த்துக் கவ்வும்படி மூன்று பொன் பூண் போட்டு இணைத்தேன். ஒரு பூணில் திருகாணி, கழற்றி மாட்ட வசதியாக. தீதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒட்டுன கல்லு காக்குமா, நகைக்காரா? பொய் சொல்லாத. காக்காதுன்னா என் பொண்ணு புதுசு அனுப்புறேங்கிறா.”

“ரெட்டிப்பாக் காக்கும் தீதி. இப்ப கல்லும் இருக்கு, பொன்னும் இருக்கு.”

எனக்கு அது தெரியாது. ஆனால் அந்த வளையல் தினமும் என் கண்ணில் பட வேண்டும் என்று இருந்தது.

அதன் விரிசல் கோட்டைத் தாளில் எடுத்து, வெள்ளைச் சங்கு வளையலில் பொன்னால் ஓடவிட்டேன். பொத்தார் பாபு பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து வளையலை முழு வட்டம் திருப்பிப் பார்த்தார். கதையைச் சொன்னேன்.

“அடிய வாங்கிக்கிட்ட வளையலா? அடேய், இத மாட்டிக்க கல்கத்தாவே க்யூவுல நிக்கும்டா,” என்றார். “பூஜைக்கு ஆறு வேணும். ஒரு கோடு மாதிரி இன்னொரு கோடு இருக்கக் கூடாது.” அன்று மாலை எனக்குத் தன் தட்டிலிருந்து சந்தேஷ் இனிப்பு எடுத்துக் கொடுத்தார்.

நான் யோக்கியமாகத்தான் முயன்றேன். மலிவான ஜேட் வளையல்களை வாங்கி மரச் சுத்தியலால் உடைத்தேன். கோடுகள் வந்தன, உயிர் வரவில்லை. பொத்தார் பாபு ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். “இது சுத்தியல் போட்ட கோடு. எனக்கே தெரியுது. என்ன நிதாய், மறுபடி மயிலா?” அன்று சாயங்காலம் என் ஜன்னலை அளந்துகொண்டு போக ஓர் ஆள் வந்தான். அவன் நாடா என் தோளில் உரசியது. ‘கொஞ்சம் நகருங்க’ என்றுகூட அவன் சொல்லவில்லை.

வேலை செய்த நகையைத் தேய்த்து அலச நாங்கள் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் வைத்திருப்போம். உங்கள் ஆட்கள் என் பையில் எடுத்த தகர டப்பாவில் இருந்தது அதுதான். சிவப்பு சிமெண்டுப் படியில் ஊற்றினால் வெறும் ஈரம் போலத்தான் தெரியும். காய்ந்தால் தடமில்லை. மழைக்காலத்தில் படியைச் சந்தேகப்படுகிறவர்கள் யார்?

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகே ஊற்றினேன். வெறுங்கையோடு யாராவது இறங்கினால், “பார்த்து, வழுக்குது” என்று கீழிருந்து குரல் கொடுத்தேன். வளையல் போட்டவர்களுக்கு மட்டும் குரல் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குக் காவல் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லியாங் நான்கு படி சறுக்கினாள். முழங்கையில் சிராய்ப்பு. வளையல் இரண்டானது. அதைத் துணியில் முடிந்து, ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு என்னிடம் கொண்டுவந்தாள். “நல்லவேளை அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தீங்க,” என்றாள். பழம் நன்றாக இருந்தது. கனகலதாவுக்கும் கொடுத்தேன்.

அடுத்து தீதியின் நாத்தனார் ஹூ-ஃபங். வளையல் நான்காக உடைந்தது, அருமையான கோடுகள். மணிக்கட்டும் உடைந்துவிட்டது. மாவுக்கட்டோடு உட்கார்ந்து, “கல்லு பாதிதான் வாங்கிச்சு போல,” என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு விசாரித்தேன். அந்த வளையலை அவர் வாங்கி ஆறு வருடம்தான் ஆகிறதாம். கல் இன்னும் அவரிடம் பழகவில்லை. அதற்குப் பிறகு சோறு இறங்கியது.

முதலில் செய்த தீதியின் கோடு, லியாங்குடையதில் இரண்டு, ஹூ-ஃபங்குடையதில் இரண்டு என்று ஐந்து தேறிவிட்டது. வெல்வெட் தட்டின் நடுவில் ஒரு குழி மட்டும் காலி. பொத்தார் பாபு தினமும் அதில் விரலை வைத்து, “இது என்னாச்சு?” என்பார். நடுவில் வைப்பது மற்ற ஐந்தையும் மிஞ்ச வேண்டும். எனக்கு அது கனவில்கூட வந்தது: ஏற்கெனவே பூண் போட்ட வளையலில், பூணைக் குறுக்கே கடந்து ஓடும் புது விரிசல். உலகத்தில் எவனும் அதைச் செய்ததில்லை. அப்படி ஒரு வளையல் ஒரே ஒரு கையில்தான் இருந்தது. அந்தக் கல் ஒருமுறை தன் கடமையைச் செய்து காட்டிய கல். மற்ற எல்லாக் கல்லையும்விட அதை நம்பினேன்.

மகாளயத்துக்கு முந்தின நாள். வானம் வெளுத்திருந்தது, மழையில்லை. இந்த முறை பிள்ளைகள் எழும் முன்பே, மேல் படியிலேயே ஊற்றினேன், விரிசல் பெரிதாக வர வேண்டும் என்று. தீதி பானையோடு மேலே வந்து நின்றார்.

“சீக்கிரமே வந்துட்டியா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு பாரு. கம்ப்யூட்டரு வந்தா வரட்டும்டா, நீ இங்க வந்து எனக்குப் பானை தூக்கு. இன்னிக்கு ரெண்டு உருண்டை கூடப் போடுறேன்.”

நில்லுங்கள் தீதி என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் அவ்வளவு பேசி முடிக்கும் வரை நேரம் இருந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்கு படி. தலை இரண்டு இடத்தில் மோதியது. முதலில் ஓடிப்போய் அவர் கையைத் தூக்கியவன் நான்தான். இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். லியாங் ஓடிவந்தாள். நான் நாடி பார்ப்பதாக நினைத்துவிட்டாள்.

“இருக்கா அண்ணே? சொல்லுங்க, இருக்கா?”

வளையலில் ஒரு கீறல்கூட இல்லை. “இல்லை,” என்றேன்.

லியாங் அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். மற்றவர்களும் அழுதார்கள். ஆஸ்பத்திரி வண்டிக்கு யாரும் ஓடவில்லை. அதற்குப் பிறகு கால் மணி நேரம் தீதிக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் நாடியைப் பார்க்கவில்லை.

பிணத்தின் கையிலிருந்து திருடினேன் என்கிறார்களே, அது மட்டும் தவறு. திருகாணியைக் கழற்றி வளையலை எடுத்தது, ஏன் உடையவில்லை என்று சோதித்துப் பார்க்கத்தான். இந்த இரண்டு நாளாக லாக்கப்பில் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தீதியின் முகம் வருகிறது. அழுகை வருகிறது. ஆனாலும் காரணம் புரிந்துவிட்டது. அந்த மூன்று பூணும் இம்மி அசையவில்லை. நான் கல்லை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தேன், அதனால் உடைய முடியவில்லை, அடியை வாங்கிக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் தளர்வாகப் போட்டிருந்தால் தீதி எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.

வேலையை அளவுக்கு மீறிச் சுத்தமாகச் செய்துவிட்டேன், ஐயா. என் பேரில் குற்றம் என்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அதை எழுதிக்கொள்ளுங்கள்.