பழைய கணக்கில் ஒரு பிப்ரவரி

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் ஆண்டுக்கு இரண்டு புத்தாண்டு. ஜனவரி ஒன்று ஊருக்கெல்லாம் பொது. மார்ச் இருபத்தைந்து எங்களுக்கு மட்டும். அன்று காலை பதினொரு மணிக்குப் பொது அறையில் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் ஷெர்ரி ஒயினும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிடுவோம். கேக் செய்வது என்னோடு வேலை பார்த்த கிளெமெண்ட் பார்லோவின் பொறுப்பு. நான் அறிந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அது அடிப்பிடித்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். அவர்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது.

எதற்கு இரண்டாவது புத்தாண்டு என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டு பிறந்தது மார்ச் இருபத்தைந்தில்தான். ஜனவரியும் பிப்ரவரியும் பழைய ஆண்டின் வால். ஆகவே ஒரு பழைய கடிதத்தில் பிப்ரவரி 1612 என்று இருந்தால், நம் கணக்கில் அது 1613. முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்வது இதைத்தான். இதை மறப்பவர்கள் வேறு பிழைப்பு பார்க்கலாம் என்றும் சொல்வேன். சிரிப்பார்கள்.

கிளெமெண்ட் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கி வைத்திருந்தார். ஜனவரி பிறந்தாலும் மார்ச் இருபத்துநான்கு வரை எதை எழுதினாலும் போன ஆண்டைத்தான் போடுவார். துறை அலுவலகத்தில் விடுப்புக் கணக்கெல்லாம் பார்க்கும் பெவ் தலையில் அடித்துக்கொள்வாள்.

“டாக்டர் பார்லோ, போன வருஷத்துக்கு லீவு கேக்குறீங்களே! நான் என்ன ஆண்டவனா, போனதைத் திருப்பிக் கொண்டாந்து தர?”

“கொஞ்சம் பொறுத்துக்கோ பெவ். இன்னும் ஆறே வாரம். நானே இந்த வருஷத்துக்கு வந்து சேந்துடுவேன்.”

நான் வினிஃப்ரெட் ஸ்டேவ்லி. வயது அறுபத்து மூன்று. என்னை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது ஒரே ஒரு புத்தகத்தால். நானூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் வாழ்ந்த மேபல் ஹெரோன் என்ற சீமாட்டி, தன் வீட்டில் நடிப்பதற்காகத் தானே எழுதிய ஒரு நாடகத்தின் கதையைத் தங்கைக்குக் கடிதத்தில் சொல்கிறாள். அதே கதை 1612 கோடையில் லண்டன் மேடையில் ஓர் ஆணின் பெயரில் வந்தது. மேபலின் கடிதம் அந்த ஆண்டு பிப்ரவரியில் எழுதியது. அவள் முந்தி, லண்டன்காரன் திருடன். இதுதான் என் புத்தகம். பேராசிரியர் பதவி, பரிசுகள், வருகிற ஏப்ரலில் என் பெயரில் திறப்பதாக இருந்த ஆய்வு மையம், எல்லாம் இந்த ஒரு தேதியின் மேல் நின்றன.

அந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தாளில் நாளும் மாதமும்தான் இருந்தன, ஆண்டு இல்லை. உறையின் மேல் யாரோ பென்சிலில் 1612 என்று எழுதியிருந்தார்கள். நம் கணக்குக்கு மாற்றித்தான் எழுதியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஆண்டு, 2009, பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி குடை இரவல் கேட்க கிளெமெண்டின் அறைக்குப் போனேன். ஆள் இல்லை. மேசையில் என் புத்தகம். போன அக்டோபரில் வந்த புதிய பதிப்பு. கிறிஸ்துமஸுக்கு நானே கையெழுத்துப் போட்டு அவருக்குக் கொடுத்தது. உள்ளே ஒரு சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

‘பக்கம் 88. ரெண்டாவது தாள் கிடைச்சிடுச்சு. வருஷம் தப்பு. பாவம் வினி. எப்படிச் சொல்றது? 11 பிப்ரவரி 2008.’

ஒரு வருஷம். ஒரு வருஷமாக இந்த மனிதர் விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். சீட்டை இருந்த இடத்திலேயே செருகினேன். பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. கோடையில் ஒருநாள், மேபல் வீட்டுக் காகிதங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டாயா என்று கேட்டார். நவம்பரில் லண்டன் போனவர், யாரைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்று என் புத்தகத்தை வாங்கித் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தட்டுவது போல. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஏப்ரல் விழாவில் முந்நூறு பேர் முன்னால் எழுந்து கேட்பதற்காகத்தான் காத்திருந்தார். வேறு எதற்கு ஒருவர் ஒரு வருஷம் காத்திருப்பார்?

அன்றே நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

“வினி, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். சாயங்காலம் வீட்டுக்கு வரட்டா?”

“இங்கேயே சொல்லேன்.”

“இங்க வேணாம்ப்பா. நிதானமா உக்காந்து பேசணும்.”

முகத்தில் அப்படி ஒரு பரிவு. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் இருவரும் ஆவணக் காப்பகத்தில் இருந்தோம். அங்கே பேனா கூடாது, பென்சில்தான். பைகளை வெளியே பூட்டிவிட வேண்டும். கிளம்பும்போது மேற்பார்வையாளர் மிஸஸ் கார்சைட் நோட்டுப் புத்தகத்தை வாங்கி உதறிப் பார்ப்பார். மகாராணியே வந்தாலும் உதறுவார். பன்னிரண்டரைக்கு கிளெமெண்ட், தான் பார்த்துக்கொண்டிருந்த மேபல் வீட்டுக் காகிதப் பெட்டியை மேசையில் விட்டுவிட்டு, சாண்ட்விச் சாப்பிடக் கீழே போனார். “பெட்டியைக் கொஞ்சம் பாத்துக்கோ வினி” என்றார். பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் தாள் அதில்தான் இருந்தது. மேபலின் கையெழுத்து எனக்கு என் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும். அரசரின் மூத்த மகன் போன துக்கத்துக்கு இன்னும் கறுப்பு உடுத்துகிறோம் என்று எழுதியிருந்தாள். இளவரசர் இறந்தது 1612 நவம்பரில். கீழே அவளே போட்ட தேதி: 20 பிப்ரவரி 1612. பழைய கணக்கு. அதாவது 1613. அவள் லண்டன் நாடகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள். திருடி மேபல்தான்.

தாளை மடித்து என் ஸ்வெட்டர் கைக்குள் வைத்துக்கொண்டேன். அதே பெட்டியிலிருந்து குதிரை இருமலுக்கு மருந்துக் குறிப்பு ஒன்றை எடுத்து அவருடைய நோட்டுக்குள் வைத்தேன். நான்கு மணிக்கு மிஸஸ் கார்சைட் உதறியபோது அது தரையில் விழுந்தது.

“டாக்டர் பார்லோ… என்னங்க இது?”

“இது எப்படி இங்க… மிஸஸ் கார்சைட், சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

பெட்டியில் இருந்த தாள்களை எண்ணினார்கள். இன்னொரு தாளும் குறைந்தது. பக்கத்தில் இருந்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். அவர் ஒரு தாளைக் கோட்டுக்குள் செருகியதைப் பார்த்தேன் என்றேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். எங்கள் தொழிலில் கொலைகாரனுக்குக்கூடக் காப்பகத்தில் நுழைய வாசகர் சீட்டு கிடைக்கும். தாள் திருடியவனுக்குக் கிடைக்காது. ஒரே வாரத்தில் பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

பிறகு ஒருநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

“நீ பாத்ததா சொன்னியாமே, வினி?”

“பாத்ததைத்தான் சொன்னேன்.”

“அந்தத் தாளை நான் ஏன் எடுக்கப்போறேன்? உனக்குக் காட்டத்தானே நான்…”

அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்டேன்.

“ஒரு வார்த்தை சொல்லு வினி. தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு, போதும். உன் புத்தகத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்.”

பதிவாகிவிட்டதை மாற்ற முடியாது என்றேன். டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் இருபத்தைந்து காலை துறை வாசலில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே கேக். மேலே ஓர் அட்டை. பெவ் வாய்விட்டுப் படித்தாள்: ‘எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. 24 மார்ச் 2008.’

“பாருங்க புரொஃபசர், இவ்வளவு நடந்தும் மனுஷன் போன வருஷத்துலயேதான் இருக்காரு” என்று சொல்லி அழுதாள்.

பதினொரு மணிக்கு வெட்டினோம். பன்னிரண்டுக்கு ஆற்றுத் தடுப்பணையில் கிளெமெண்டின் உடல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. எல்லோரும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். நல்ல கேக், வீணாக்குவானேன் என்று நான் என் துண்டை முடித்தேன்.

நான் அழுதேனா என்று நேற்று கேட்டீர்கள். அழுதேன். தாளை எடுத்த அன்று மாலையே, கணப்பில் போட்டபோது. அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது, சட்டென்று பிடிக்காது. ஓரம் கருகி, மேபலின் எழுத்து ஒவ்வொரு வரியாகப் போயிற்று. நானூறு ஆண்டு எலிக்கும் ஈரத்துக்கும் தப்பி வந்ததை என் கையாலேயே எரித்தேன். அந்தப் பாவத்துக்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது. கிளெமெண்டுக்கு நான் அஞ்சலிக் குறிப்பு எழுதினேன். நானூறு சொற்கள், ஒரு பிழை இல்லை.

அவருடைய கேமராவில் அந்தத் தாளின் படம் இருந்ததும், அவர் தங்கை அதை உங்களிடம் கொண்டுவந்ததும் எனக்குத் தெரியாது. புத்தகம் போய்விட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தாளை எடுத்தது நான். மற்றதை அவர் நோட்டில் வைத்தது நான். பொய் சொன்னது நான். ஆனால் ஒரு வருஷம் என்னை ஏமாற்றியது அவர். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அக்டோபரில் அச்சான புதிய பதிப்பின் பக்க எண் அதற்கு முந்தைய பிப்ரவரியில் எழுதிய சீட்டில் எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். அது இந்த பிப்ரவரி அல்லவா, நான் பார்ப்பதற்கு இரண்டே நாள் முன்னால் எழுதியது அல்லவா, என்னிடம் சொல்லத்தானே அவர் அன்று வீட்டுக்கு வரட்டுமா என்றார் என்கிறீர்கள். நீங்கள் இந்தத் துறைக்குப் புதிது, இன்ஸ்பெக்டர். சீட்டில் 2008 என்று தெளிவாக இருக்கிறது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரித் தேதியைத் தப்பாகப் படிப்பவள் இல்லை நான். முதல் வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.