ஜுல்ஃபிகரின் விடுவிப்புக் கடிதம்

அன்புள்ள சுந்தர் அவர்களுக்கு,

உங்கள் மூன்று மின்னஞ்சல்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. எங்கள் தெருவில் கரண்ட் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வருகிறது. குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ரங்கூன் லான்மடாவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன் நான். மின்வெட்டுதான் எனக்குச் சோறு போடுகிறது.

மலேசியா வந்து கிள்ளானில் உங்கள் கிளப்புக்கு ஆடவேண்டிய ஜுல்ஃபிகர் ஏன் விமானத்தில் ஏறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய அக்கா நிலோஃபர் உங்களுக்கு ஏதாவது எழுதியிருப்பாள். ஆனால் அவளுக்குப் பாதிதான் தெரியும். முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என் பெயர் அய்யூப். எங்கள் கிளப்பில் பதினெட்டு வருடமாக விக்கெட் கீப்பர். கேப்டனும் நான்தான், செயலாளரும் நான்தான். பெரிய பதவிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கூனில் கிரிக்கெட் என்றால் பர்மாக்காரர்கள் சிரிப்பார்கள். அலோனில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மைதானம், சிமெண்டுத் தரையின் மேல் விரிக்கும் ஒரு பாய், பதினைந்து இருபது பேர். கிளப்பின் ரப்பர் முத்திரை என் கடை மேசை இழுப்பறையில் இருக்கும். அவ்வளவுதான் கிளப்.

ஜுல்ஃபிகர் நகரின் கிழக்கே இருக்கும் தாகேதாவிலிருந்து வந்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு. சந்தில் டென்னிஸ் பந்து போட்டுப் பழகியவன். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கை அவ்வளவு உயரத்திலிருந்து வந்தது. முதல் பந்து என் கையுறையில் விழுந்தபோது மணிக்கட்டுவரை அதிர்ந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மூன்று வருடத்தில் அவன் எடுத்த விக்கெட்டுகளில் நாற்பத்தொன்று என் கையில் பிடிபட்டவை. ஸ்கோர் புத்தகத்தில் பிடித்தவன் பெயரும் போட்டவன் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேலி ஓரம் வந்து நின்றவர்கள் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், அவன் ஓடி வரும்போது மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தேநீர் கொண்டு வருகிற கிழவர்கூட முதல் கோப்பையை அவனிடம் நீட்டப் பழகிக்கொண்டார். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நினைவில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

என்னையும் ஒரு கிளப் அழைத்ததுண்டு. சிங்கப்பூரிலிருந்து. எனக்கு அப்போது இருபத்து மூன்று. வாப்பா, "கடையை யார் பார்ப்பா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். நான் போகவில்லை. போகாமல் இருக்கவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். மனிதன் செத்துவிடுவதில்லை.

நிலோஃபர் தன் போனில் அவன் பந்து போடுவதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினாள். என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பருவம் ஆட அழைத்து, தங்க இடமும் தருவதாக எழுதிய பிறகுதான் இருவரும் கடைக்கு வந்தார்கள். அவன் முகம் சிவந்திருந்தது.

"காக்கா, நம்ம கிளப்புலேந்து ஒரு லெட்டர் வேணுமாம். என்னை விடுறதா எழுதித் தரணுமாம்" என்றான். எங்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தக் கடிதம் உங்களுக்கு வெறும் சடங்கு. இங்கே அப்படி இல்லை. படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு அவன் வயதுப் பையன்கள் விமான நிலையத்தைத் தாண்டுவது சுலபமல்ல. வேலைக்குப் போகவில்லை, போட்டியில் ஆடப் போகிறான், முடிந்ததும் திரும்பி வருவான் என்று ஒரு கிளப் முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தால், அதிகாரியிடம் காட்ட ஒரு தாளாவது இருக்கும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

கமிட்டி கூட வேண்டும் என்று சொன்னேன். எங்கள் கிளப்பில் கமிட்டி கூடி ஆறு வருடமாகிறது. தலைவர் அப்துல் பாரி ஹாஜியார் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார் என்றேன். அது உண்மை. ஆனால் அவர் கையெழுத்து தேவையில்லை. பிறகு செயலாளர் என்ற முறையில் உங்களுக்கு நானே எழுதினேன்: பையனுக்குத் தோளில் வலி இருக்கிறது, ஒரு பருவம் பொறுத்திருந்து பார்ப்பது நல்லது என்று. உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் தயங்கினீர்கள். ஒரு மாதம் அவன் பயணம் அந்தரத்தில் தொங்கியது.

அவனுக்குத் தோளில் வலி கிடையாது.

நீங்கள் புதிய வீடியோ கேட்டீர்கள். ஆறு ஓவர் தொடர்ந்து போட்டுக் காட்டினான். பின்னால் நான்தான் நின்றேன். பார்த்துவிட்டு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை அவன் கிளப்பில் எல்லோரையும் கேட்க வைத்தான். "தம்பி, தோளுக்கு ஒன்னும் இல்ல, பிரமாதம். அந்தக் கீப்பர் கொஞ்சம் வயசானவர் போல, அவருக்குத்தான் உன் வேகம் தாங்கல" என்று சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜுல்ஃபிகர் மட்டும் சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதீய காக்கா" என்றான்.

சுந்தர், உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நீங்கள் டிக்கெட் அனுப்பினீர்கள். மார்ச் பதினெட்டு, புதன்கிழமை. அதற்கு எட்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை, கடையைக் கையாளிடம் விட்டுவிட்டு வார்டு அலுவலகத்துக்கு நடந்து போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வார்டும் மாதாமாதம் படைக்கு இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று கணக்கு. குடும்பப் பட்டியலை வைத்துச் சீட்டுக் குலுக்குவார்கள். ஜுல்ஃபிகரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. அவன் வாப்பா இறந்தபின் உம்மா மதீனா பீவி தாகேதா வீட்டைக் காலி செய்து லான்மடாவுக்கு, எங்கள் பின்தெருவுக்கு வந்துவிட்டார். அங்கே பெயரை அடித்துவிட்டார்கள். இங்கே அவர் மகனைப் பதியவில்லை. பட்டியல் மாற்றம் பாதியில் நின்றதால் அவன் இரண்டு வார்டுக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் இருந்தான். அந்த மாதம் குலுக்கலில் எங்கள் மாடியில் இருக்கும் தையல்காரரின் ஒரே மகன் பெயர் வந்திருந்தது. அந்தப் பையனுக்கு ஆஸ்துமா. ஒருவன் மட்டும் தப்பித்து விமானம் ஏறுவதும், மூச்சுவிட முடியாத ஒருவன் துப்பாக்கி தூக்குவதும் நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கிளப் பதிவுப் படிவம் என்னிடம் இருந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, இப்போதைய முகவரி, புகைப்படம். அதன் நகல் ஒன்றை எழுத்தரிடம் கொடுத்தேன். அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். "வீட்டில் இருப்பானா?" என்று பர்மியத்தில் கேட்டார். இருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் வந்த நாளிலிருந்து மதீனா பீவி அவனைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாக மாற்றி வைத்திருந்தார். எங்கே இருக்கிறான் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை அவனுக்குப் போன் செய்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வா. லெட்டரைக் கையில தர்றேன்."

"உம்மா வெளிய போவாதேங்குறாக, காக்கா. கடையிலேந்து நிலோஃபர் வாங்கிக்கிடட்டுமே."

"நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கணும். வந்து எனக்கு ஒரு ஓவர் போட்டுட்டுப் போ. திரும்ப எப்பப் பாக்கப் போறோம்?"

"சரி காக்கா. ஒங்களுக்குப் போடாம எப்படிப் போவேன்" என்றான்.

அந்த ஓவரில் நான்கு பந்துதான் போட்டான். நான்கும் நான் பிடித்தேன். ஒன்றுகூடக் கையைவிட்டுப் போகவில்லை. அன்று யாரும் படம் எடுக்கவில்லை, அதுதான் குறை. ஐந்தாவது பந்துக்கு ஓடத் தொடங்கும் இடத்துக்கு அவன் திரும்பி நடந்தபோது, வேலி வாசலில் வண்டி நின்றது. எழுத்தரும் சீருடையில் மூன்று பேரும் இறங்கினார்கள். மற்ற பையன்கள் கிடங்குப் பக்கம் சிதறி ஓடினார்கள். அவனால் எல்லோரையும்விட வேகமாக ஓட முடியும். ஓடவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"காக்கா, நீங்க சொல்லுங்க. லெட்டரைக் காட்டுங்க."

நான் கையுறையைக் கழற்றிவிட்டு அவர்களிடம் போய்ப் பேசினேன். நல்ல பையன், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் காட்ட முடியவில்லை. அதை நான் எழுதவே இல்லை.

பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மதீனா பீவியை வாரம் தவறாமல் வார்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். பர்மியத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். வெயிலில் நிற்க முடியாமல் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாரு இருக்கா, வாப்பா? அல்லாஹ் ஒங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டான்" என்பார். அந்தத் துஆவை நான் மறுக்கவில்லை. எழுத்தரும் எங்களுக்கு நாற்காலி போடச் சொல்வார். என்னை அவர் ஒருமுறைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜூலையில் பயிற்சி முகாமிலிருந்து ஒரு முறை போன் செய்தான். உம்மாவுக்கு இரண்டு நிமிடம், எனக்கு இரண்டு நிமிடம்.

"காக்கா, கிள்ளான்ல அடுத்த சீசன் வரைக்கும் எடம் வச்சிருப்பாகளா? லெட்டர் பத்திரமா இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு" என்றேன்.

"தோளு நல்லா இருக்கு. அவுககிட்ட சொல்லிடுங்க."

இப்போது சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் பதினொன்று அன்று வடக்கே ஓர் ஊரின் பெயரும் ஒரு தேதியும் எழுதிய தாள் வந்தது. உடல் வரவில்லை. பள்ளிவாசலில் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை நடத்தினோம். நான் முதல் வரிசையில் நின்றேன். தொழுகை முடிந்ததும் நிலோஃபர் வாசலில் வந்து, "அந்த லெட்டரைக் குடுங்க காக்கா, அவன் ஞாபகமா வச்சுக்குறேன்" என்று கேட்டாள். நாளை தருகிறேன் என்றேன். பத்து நாளாகிறது. தினமும் கடைக்கு வருகிறாள். உட்காருவதில்லை. மேசை இழுப்பறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவனைக் காட்டிக் கொடுத்தவன் நான். மைதானத்துக்கு வரவழைத்தவனும் நான். இதை நீங்கள் அவளிடம் சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் பொறாமை என்று மட்டும் சொல்லாதீர்கள், அது சரியான வார்த்தை அல்ல. அவன் பந்தை என்னைப் போல யாராலும் பிடிக்க முடியாது. கிள்ளானில் யாரோ ஒரு கீப்பர் அதைத் தவறவிடுவதை என்னால் சகிக்க முடிந்திருக்காது. கிளப் பதிவேட்டை இன்று காலைகூட எடுத்துப் பார்த்தேன். அவன் இன்னும் எங்கள் ஆட்டக்காரன்தான்.