மழையில் ஒரு கோடு

"சிக்னல் எத்தன கோடு காட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க, நான் வழி சொல்றேன்" என்று முன் சீட்டுப் பெண் போனில் கத்தியதும் என் காது அங்கே போய்விட்டது. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ். வெளியே நல்ல மழை. மாட்டைத் தேடி மலைக்குப் போன அவள் புருஷன் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நிற்கிறார் என்பது பேச்சிலேயே புரிந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஒரு கோடுதான் காட்டுது."

"அப்ப தண்ணி விழுற பீலிக்கரைகிட்ட நிக்கிறீங்க. நேரா எறங்குங்க, கோயில் வந்துரும். பாறை விளிம்புன்னா ரெண்டு கோடு காட்டும்."

பக்கத்தில் இருந்த அவள் அண்ணன் சட்டென்று திரும்பினார்.

"அது வெயில் நாள்ல, புள்ள. மரமெல்லாம் நனைஞ்சு கெடக்கு. இந்த மழைக்கு விளிம்புலயும் ஒரு கோடுதான் வரும். அங்கருந்து நேரா எறங்கினா பள்ளம், கோயில் இல்ல."

"ஐயோ! என்னங்க, நில்லுங்க! கால எடுத்து வைக்காதீங்க!"

"நீதானே எறங்கச் சொன்ன?"

"நில்லுங்கன்னா நில்லுங்க!"

அண்ணன் தன் போனில் யாரையோ பிடித்தார். "பூசாரியா? கோயில் மணிய அடிங்க. அப்புறம் சொல்றேன், விடாம அடிங்க."

நான் இறங்க வேண்டிய ஹோல்ட் தாண்டிப் போனது. எழும்ப மனம் வரவில்லை.

அண்ணன் தங்கச்சியின் போன் பக்கம் குனிந்தார். "மணி கேக்குதா, மச்சான்?"

"கேக்குது."

"எந்தப் பக்கம்?"



"முதுகுக்குப் பின்னால."