ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும்

இல்ல மாப்பிள்ளை, செருப்பைக் கழட்ட வேணாம், அப்படியே உக்காருங்க. சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளிக்கோங்க, எம் பொண்ணு அவ உயரத்துக்கு வெச்சிருக்கா, உங்களுக்கு முட்டி இடிக்கும். ஆங், அப்படித்தான். வலது காலைப் பிரேக் மேல வைங்க. சாவியைத் தொடாதீங்க, எஞ்சின் ஓட வேணாம். நான் கீழ இருந்து சொல்லச் சொல்ல நீங்க அமுக்கணும், அவ்வளவுதான். மத்த வேலையெல்லாம் நான் ஒண்டியாவே பண்ணிடுவேன், பிரேக் குழாய்ல நிக்குற காத்தை வெளியேத்துற இந்த ஏர் எடுக்குற வேலைக்கு மட்டும் ரெண்டு பேர் வேணும். வீட்டு மாப்பிள்ளைய வேலை வாங்குறாளேன்னு நினைச்சுக்காதீங்க. உங்க மாமா இருந்தா அவரத்தான் உக்கார வெச்சிருப்பேன். அவரு பொண்ணையும் குட்டியையும் வேன்ல ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போயிட்டாரு. குட்டிக்குச் சட்டை எடுக்கணுமாம். இன்னிக்குச் சாயங்காலம் நீங்க கூட்டிட்டுக் கிளம்பிடுவீங்கல்ல, அதான் தாத்தாவுக்கு அவசரம்.

வேணாம் வேணாம், நீங்க இறங்கிப் பாக்க வேணாம். வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்க. முன்னால ரெண்டு வீலையும் கழட்டி வெச்சிருக்கேன், அவ்வளவுதான், அதுல என்ன பாக்க இருக்கு? வண்டி விழாது. ஜாக்கி மட்டும் இல்ல, ஸ்டாண்டும் குடுத்திருக்கேன். ஜாக்கிய நம்பி அடியில படுக்குறவளா நான்?

அமுக்குங்க. பிடிச்சுக்கோங்க. ம்... வருது, வருது... சரி, விடுங்க.

மறுபடி. அமுக்குங்க. என்ன மாப்பிள்ளை, முட்டை மேல கால் வெச்ச மாதிரி வைக்குறீங்க? பலமா அமுக்குங்க. உடைஞ்சா போயிடும்? ஆ, பிடிச்சுக்கோங்க. அட, ஏன் அப்படித் துள்ளுறீங்க! பெடல் உள்ள போகும். நான் இங்க ஆயில் வெளிய வர்ற நிப்பிளைத் திறந்தா அது தரை வரைக்கும் இறங்கத்தான் செய்யும். பிரேக் போயிடுச்சுன்னு பயந்துட்டீங்களா? விடுங்க. எவ்வளவு குமிழி வருது பாருங்க ஆயில் பிடிக்க வெச்ச இந்தப் பாட்டில்ல. ஓ, உங்களுக்கு அங்கேருந்து தெரியாதுல்ல.

என்ன கேட்டீங்க? நேத்துதானே நான் பாத்தேன், மறுபடி எதுக்குன்னா? ஐயோ, நீங்க பாத்ததுல குறை சொல்லல மாப்பிள்ளை. எவ்வளவு பொறுப்பா பண்ணீங்க! உங்க மாமாவுக்கு ஸ்கூட்டருக்குக் காத்தடிக்கத் தெரியாது. நீங்க வந்த மறுநாளே, அத்தை, அவ தனியா மலை இறங்கணும், வண்டிய ஒரு தடவ பாத்து வெச்சுடுறேன்னு சொல்லி இந்த ஷெட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டீங்க. எஞ்சின் ஆயில் மாத்தியிருக்கீங்க. ஏர் ஃபில்டரைத் தட்டி வெச்சிருக்கீங்க. பேட்டரி முனையில பூத்திருந்ததைக்கூடத் துடைச்சிருக்கீங்க. பிரேக்கும் பாத்துட்டேன் அத்தை, சூப்பரா இருக்குன்னு கையத் துடைச்சுக்கிட்டே வந்தீங்க. பக்கத்து வீட்டம்மாகிட்ட எம் மாப்பிள்ளைய மாதிரி யாருக்குக் கிடைக்கும்னு பீத்திக்கிட்டேன். அந்தம்மாவுக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

ஆனா என் பழக்கம் ஒண்ணு இருக்கு. நான் ஸ்கூல் வேன் ஓட்டுனவ. இந்த மலைலதான், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. பிள்ளைங்க ஏறுறதுக்கு முன்னாடி நானே கீழ படுத்து, பிரேக்கை என் கையால தொட்டுப் பாக்காம வண்டிய எடுத்ததே கிடையாது. மெக்கானிக் பாத்தாலும் சரி, கம்பெனிக்காரன் பாத்தாலும் சரி. மத்த டிரைவருங்க சிரிப்பாங்க, அக்கா வேனுக்குத் திருஷ்டி கழிக்குதுன்னு. சிரிச்சா சிரிக்கட்டும். இந்த ஷெட்டை விட்டு இறங்குற எந்த வண்டியும் என் கை படாம இறங்காது. நீங்க பாத்த வண்டியா இருந்தாலும் அப்படித்தான், கோச்சுக்காதீங்க.

அமுக்குங்க. பிடிங்க. விடுங்க. ஒரு பக்கம் ஆச்சு, அடுத்த பக்கத்துக்கு வர்றேன். நல்லா வேர்க்குது உங்களுக்கு, கண்ணாடிய இறக்கிக்கோங்க. ஓ, சாவி போட்டாதான் இறங்கும்ல. கதவைத் திறந்து வைங்க, காத்து வரட்டும்.

இந்த வேலையில ஒண்ணு கத்துக்கிட்டேன் மாப்பிள்ளை. வண்டி பொய் சொல்லாது. தேஞ்சு கெட்டுப் போனதுக்கு ஒரு முகம் இருக்கு. ரப்பர்னா வெயில்ல காஞ்சு, சுத்தி வர மயிரு மயிரா வெடிச்சிருக்கும். அரைகுறையா வேலை பாத்துட்டுப் போனதுக்கு இன்னொரு முகம். போல்ட் தலை மழுங்கியிருக்கும், சுத்தியும் ஆயில் சிந்தியிருக்கும். கீழ படுத்தா எல்லாம் தெரிஞ்சிடும். யாரு ஓட்டுனா, எப்படி ஓட்டுனா, யாரு கை வெச்சான்னுகூடச் சொல்லிடுவேன்.

சும்மா சொல்றேன். நீங்க எதுக்குப் பெடல்லேருந்து காலை எடுத்தீங்க? வைங்க. இந்தப் பக்கமும் முடியப் போகுது.

எம் பொண்ணு இங்க வந்த அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மான்னா. பெத்தவளுக்குத் தெரியாதா? மூணாவது நாள் துணி காயப்போடும்போது சொன்னா. பிரிஞ்சிடலாம்னு உங்ககிட்ட கேட்டாளாம். குட்டி எங்கிட்டதான் இருக்கும்னும் சொன்னாளாம். நீங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பல் தேச்சீங்களாம். கத்தியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன் மாப்பிள்ளை. உங்க மாமா கத்தாத கத்தா? அழுதிருந்தா அவகிட்ட உங்களுக்காக நானே பேசியிருப்பேன். ராத்திரி பத்து மணிக்குப் பொண்டாட்டி பிரிஞ்சிடலாம்னு சொல்றா, ஒரு மனுஷன் போய்ப் பல் தேய்க்குறான்னா...

சரி விடுங்க, புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். இப்ப நீங்களே வந்து சமாதானம் பேசிக் கூட்டிட்டுப் போறேன்னுட்டீங்க. நான் சொல்ல வந்தது, பிரேக்கை விடுங்கன்னு.

இந்தப் பக்கமும் முடிஞ்சுது. மெதுவா எந்திரிக்கணும், இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது. நீங்க அப்படியே இருங்க. ரெண்டு வீலையும் மாட்டி இறக்கிடுறேன். அட, உதவியெல்லாம் வேணாம். நீங்க உள்ள உக்காந்திருக்குறதே பெரிய உதவி.

இந்த போல்ட்டை வரிசையா வட்டமா முடுக்கக் கூடாது, தெரியுமா? எதிரும் புதிருமா முடுக்கணும். இல்லன்னா வீல் கோணலா உக்காரும். உங்களுக்குத் தெரியாததா? நேத்து நீங்க முடுக்குனதைக் கழட்டும்போது பாத்தேன், கச்சிதமா இருந்துச்சு. தெரிஞ்ச கை. வேலை தெரிஞ்சவங்க பண்ணதுன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது.

நேத்து நீங்க சொன்னீங்க பாருங்க, சாப்பிடும்போது, குட்டிய என் பைக்லயே கூட்டிட்டுப் போறேன், நீ மட்டும் பின்னால கார்ல வான்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் குட்டி பொறந்ததுலேருந்து நீங்க அதைத் தோள்ல போட்டு நான் பாத்ததில்ல. அழுதா கதவைச் சாத்திக்குற ஆளு நீங்க. இந்தக் குளிர்ல, இந்த வளைவுல, நாலு வயசுப் பிள்ளைய பைக்ல முன்னால உக்கார வெச்சுக்குறேன்னீங்க. கார்ல வரட்டுமேன்னு நான் சொன்னேன். நீங்க விடல. ரெண்டு மூணு தடவ சொன்னேன், வேணாம் அத்தை, எங்கூடதான் வரணும்னு ஒரே பிடியா நின்னீங்க. அவகூட மனசு இளகிட்டா. பாத்தியாம்மா, அவருக்கு இப்பதான் பிள்ளை மேல பாசம் வந்திருக்குன்னு எங்கிட்ட வந்து சொன்னா. அவ முகத்துல சிரிப்பைப் பாத்து எவ்வளவு நாளாச்சு.

இந்தா, இறங்கிடுச்சு வண்டி. ரெண்டு தடவ பிரேக்கை அமுக்கிப் பாருங்க. கல்லு மாதிரி நிக்குதா? மெத்துன்னு இருக்கா? சரியா சொல்லத் தெரியலையா? பரவால்ல, ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

தள்ளிக்கோங்க, நான் இந்தப் பக்கம் ஏறிக்குறேன். இல்ல, நீங்கதான் ஓட்டணும். என் கையெல்லாம் பிரேக் ஆயில், ஸ்டியரிங் வழுக்கும். கேட் திறந்துதான் இருக்கு. இப்படியே இறங்கி, மூணாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். அங்கதான் சரிவு ஜாஸ்தி. அங்க நின்னா எங்கயும் நிக்கும். பெல்ட் போட்டுக்கோங்க. நானும் போட்டுக்குறேன்.

சாவியைத் திருப்புங்க.

என்ன? நீங்க பாத்த பிரேக்குதானே, சூப்பரா இருக்குன்னு சொன்னீங்களே. தலை வலிக்குதா? இப்ப வரைக்கும் இல்லையே. வாசல் வரைக்குமா? வாசல்ல ஓட்டிப் பாத்து என்ன தெரியும், அங்க தரை தட்டு மாதிரி இருக்கு. லைசென்ஸ் உள்ள இருக்கா? இந்த ரோட்டுல யாரு கேக்கப் போறா? அவ வரட்டும், அவளே ஓட்டிப் பாத்துக்கட்டும்னா சொல்றீங்க?

அவளே ஓட்டிப் பாத்துக்கட்டும்.

மாப்பிள்ளை, நான் கெஞ்சிக் கேக்குறேன். ஒரு தடவ. உங்க பக்கத்துல நானும்தான் உக்காந்திருக்கேன். உங்களுக்கு என்ன ஆகுமோ அது எனக்கும்தான் ஆகும். சாவியைத் திருப்பி கேட்டைத் தாண்டிடுங்க போதும். வளைவு வரைக்கும்கூட வேணாம். கேட்டைத் தாண்டி அந்த இறக்கத்துல வண்டிய விடுங்க. விட்டீங்கன்னா அங்கயே நிறுத்துங்கன்னு நானே சொல்லிடுறேன்.

பெல்ட்டை ஏன் கழட்டுறீங்க?

சரி. இறங்குங்க. நான் பிடிக்கல, இறங்கிக்கோங்க.

இல்ல, ஓடாதீங்க, ஒண்ணும் ஆகாது. வண்டி நல்லாத்தான் இருக்கு. புது ஹோஸ் மாப்பிள்ளை, பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய், ரெண்டு பக்கமும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னு வாங்கிட்டு வந்து, நீங்க எந்திரிக்குறதுக்குள்ள மாட்டிட்டேன். புது ஹோஸ் போட்டா உள்ள காத்து இருக்கும், ஏர் எடுத்துதானே ஆகணும். வேலை பொய்யில்ல, வேலை வேலைதான். உங்கள உக்கார வெச்சதுதான் வேற காரணத்துக்கு.

என்ன தெரியாது? நேத்தே அப்படி இருந்துச்சா? வெயில்ல வெடிச்சிருக்கும்ங்குறீங்களா? நானும் அப்படித்தான் சொல்லிப் பாத்தேன், எனக்கே. குட்டி பைக்ல வரட்டும்னு நீங்க நின்ன நிலையப் பாத்து மனசு கேக்காமதான் விடிஞ்சதும் வீலைக் கழட்டினேன். ரெண்டு ஹோஸ்லயும் உள்பக்கமா, கண்ணுக்குப் படாத இடமா, பிளேடு வெச்ச மாதிரி ஒரே நேர்கோடு. முழுசா அறுக்கல. ரெண்டு வளைவு தாங்குற அளவுக்கு விட்டிருக்கு. அப்பவும் நான் நம்பல. பேனட்டைத் தூக்குனேன். பிரேக் ஆயில் குறைஞ்சா சிவப்பு லைட் எரியும்ல, அதுக்குப் போற ஒயரைக் கழட்டி, ஆடாம இருக்க டேப் சுத்தி வெச்சிருந்துச்சு. ரப்பர் தானா கிழியும் மாப்பிள்ளை. ஒயர் தானா டேப் சுத்திக்குமா?

ஆனாலும் என் மனசு ஒத்துக்கல. வேற எவனாவது இருக்கலாம், அவ வர்ற வழியில எங்கயாவது நிறுத்தியிருப்பா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கலாம்னு காலைலேருந்து எத்தனை கதை கட்டியிருப்பேன் தெரியுமா? எம் பொண்ணு ஆறு வருஷம் பக்கத்துல படுத்துத் தூங்குன ஆளு. அவன் அப்படி இருக்க மாட்டான்னு நினைக்கத்தானே எந்தத் தாயும் ஆசைப்படுவா. தெரியாத மனுஷன்னா ஏறி உக்காந்து சாவியைத் திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவான். அந்த ஒண்ணுக்காகத்தான் இவ்வளவு பேசினேன். ஓட்டியிருந்தீங்கன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். பெரியவ விழுறதான்னு பாத்திருக்க மாட்டேன்.

மாமா சட்டை எடுக்கப் போகல. அந்தப் பழைய ஹோஸ் ரெண்டையும் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, போலீஸ் ஸ்டேஷன் எதிர்த்தாப்புல வேனை நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருக்காரு. அவளுக்கு இன்னும் தெரியாது, சட்டைக் கடை திறக்கட்டும்னு உக்காந்திருக்கா. ஓட்டிட்டாருன்னு நான் சொன்னா திரும்பி வந்துடணும்னு அவருகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்.

இருங்க, ஒரு நிமிஷம். கையில ஆயில், இந்த போன் வேற வழுக்குது.

என்னங்க, நான்தான். இல்லைங்க, ஓட்டல. இறங்கிட்டாரு. ஆமா, நிச்சயமாதான். அழாதீங்க, குட்டி பாக்குது. நீங்க அவளைக் கூட்டிக்கிட்டு உள்ள போங்க.