பிரசவப் புத்தகம்

கறையான் எதையும் தின்றுவிடும் என்று நினைப்பது தவறு. அதற்கு ஈரம் வேண்டும், இருட்டு வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. வெளிச்சத்தில் நடமாடாது; மண்ணைக் குழைத்துக் குழாய் கட்டி, அதற்குள்ளேயே வரும். றக்வானைத் தேயிலை மலைப் பக்கம் ஈரத்துக்குக் குறைவில்லை. மற்ற இரண்டையும் நாம் கொடுத்தால் போதும்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் டிஸ்பென்சராக இருந்தவன். மருந்து கொடுப்பதும், பிறப்பு இறப்புப் புத்தகங்களை எழுதுவதும் என் வேலை. என் ஒரே மகள் அனுஷியா பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். 1997 செப்டம்பரில் தோட்டத்துப் பையன் யோகராஜ் அங்கே பால்மா திருடியதை அவள் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் சொன்னாள். மறுநாள் அவன் கவ்வாத்துக் கத்தியால் அவளை வெட்டினான். ஒரே வெட்டில் உயிர் போய்விட்டது. தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சாய்ப்பதற்காகச் செய்த கத்தி அது.

பதினைந்து வயதுப் பையன் கைக்கு அந்தக் கத்தி எப்படி வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். அவன் அப்பன் இருளப்பன் இந்தத் தோட்டத்துக்கு வருமுன் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவன். அந்தச் சாவைப் பதியவில்லை. மூத்தவனைவிட மூன்று வருஷம் இளையவனுக்கு அதே பேரை வைத்து, செத்தவனின் பிறப்புப் பத்திரத்தையே கொடுத்தான். லயத்து வீடுகளில் பலர் செய்வதுதான். செக்ரோல் என்ற சம்பளப் பட்டியலில் சீக்கிரம் பேர் விழும். கவ்வாத்து வேலை கிடைக்கும்.

சட்டம் வேலை செய்வது இப்படி. பதினாறுக்குக் கீழே என்றால் சிறுவர் இல்லத்தில் வைப்பார்கள். மேலே என்றால் பெரியவர்களோடு மறியல், அதாவது சிறை. பதினெட்டும் தாண்டிவிட்டால் தூக்குவரை தீர்ப்புச் சொல்லலாம். பத்திரப்படி அவனுக்குப் பதினெட்டு. இரத்தினபுரியில் கை எலும்பைப் படம் பிடித்த டாக்டர், பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்று எழுதினார். எலும்பு அதற்கு மேல் சொல்லாது. மிச்சம் என் பிரசவப் புத்தகம் ஒன்றுதான்.

இருளப்பனும் அவன் பெண்சாதி சின்னம்மாவும் வந்து வாசலிலேயே நின்றார்கள்.

“ஐயா, ஒங்க கையாலதானுங்களே எழுதுனீங்க. அந்தப் பொஸ்தகத்தக் கோட்டுல காட்டுனாப் போதுங்க.”

“பதினெட்டுன்னு தொரைகிட்ட சொன்னது நீதானே, இருளப்பா?”

“வயித்துக்காகச் சொன்ன பொய்ங்க அது.”

“இப்ப எதுக்காகச் சொல்ற?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சின்னம்மா குனியவில்லை.

“அவன் பண்ணுனது பாவம்ங்க. இல்லேங்கல. ஆனா மீசகூட மொளைக்காத பய. பெரிய ஆளுங்களோட போட்டா உருப்படியா வரமாட்டானுங்க, ஐயா.”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

தேடவில்லை, அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்கட்டுச் சாமான் அறையின் மண்தரையில், நனைந்த சாக்குக்கு அடியில் அதை வைத்துக் கதவைப் பூட்டினேன். பத்தொன்பது நாள் திறக்கவில்லை. கறையானுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீதிமன்றத்தில் இரண்டு அட்டைகளையும் நடுவிலிருந்த மண்ணையும் காட்டினேன். கறையான் அரித்துவிட்டது என்றேன். உண்மை. பையன் பிறந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். அறுநூறு பிரசவம் பதிந்தவன் ஒவ்வொன்றையும் எப்படி நினைவில் வைத்திருப்பான் என்று திருப்பிக் கேட்டேன். அது கேள்வி, பொய்யல்ல. 1982 ஜூன் பதினோராந் தேதி, நல்ல மழை. கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்து வந்தான். நான்தான் வாயோடு வாய் வைத்து ஊதினேன்.

அவனைப் பெரியவர்கள் பக்கம் அனுப்பினார்கள். வழக்கு விசாரணைக்கு வருமுன், மறுவருஷம் ஏப்ரல் பதினைந்தாந் தேதி செத்துப்போனான். எட்டுப் பேர் இருந்த அறையில் நடந்ததை யாரும் சொல்லவில்லை. உடலைக் கொண்டுவந்தபோது பார்த்தேன். கழுத்தில் சாரத்துணி இறுகிய தடம் இருந்தது.

தோட்டத்தில் புதைக்க என் இறப்புப் புத்தகத்தில் பதிய வேண்டும். சின்னம்மா மேசைக்கு எதிரே நின்றாள். எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம்.

“வயது, பதினைந்து வருஷம், பத்து மாதம், நான்கு நாள்.”

“இப்ப மட்டும் நாள்கூட ஞாபகம் வருதுங்களா, ஐயா?”

பேனாவை மூடி வைத்தேன். என் புத்தகங்களில் ஒரு பொய்யும் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.